வேன் எஞ்சின் ஏன் கொதிக்கிறது?

வேன் ஓடுகிறது. எஞ்சினுக்குள் பெட்ரோல் எரிகிறது. சில வேன்களில் டீசல் எரிகிறது. எரிந்தால் சூடு வரும். அந்தச் சூட்டில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலைக்குப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகையோடு சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். மீதிப் பங்கு எஞ்சினிலேயே தங்கப் பார்க்கும். அதை அங்கிருந்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எடுக்காவிட்டால் எஞ்சின் உலோகம் வளைந்துவிடும். உள்ளே மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் இறுகி நின்றுவிடும்.

சூட்டை எடுத்துக்கொண்டு போவது தண்ணீர்தான். எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓட வழிகள் உண்டு. வாட்டர் பம்ப் அந்தத் தண்ணீரைத் தள்ளுகிறது. தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போகிறது. ரேடியேட்டரில் மெல்லிய குழாய்கள் பல இருக்கின்றன. வேன் ஓடும்போது எதிர்க்காற்று அவற்றின் மேல் படுகிறது. வேன் நிற்கும்போது ஃபேன் காற்றை இழுக்கிறது. தண்ணீர் ஆறுகிறது. ஆறிய தண்ணீர் கீழ் ஹோஸ் வழியாக மறுபடியும் எஞ்சினுக்கு வருகிறது. எஞ்சின் ஓடும் வரை இந்தச் சுற்று நடக்கும்.

ரேடியேட்டர் மூடியைச் சாதாரண மூடி என்று நினைக்கக் கூடாது. வீட்டில் பிரஷர் குக்கர் இருக்கிறது. அதன் மூடியும் வெயிட்டும் ஆவியை உள்ளே அடக்குகின்றன. அதனால் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியும் அதே வேலையைச் செய்கிறது. மூடி நன்றாக இருந்தால் தண்ணீர் 120 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் தேய்ந்து போனால் 100 டிகிரியிலேயே கொதித்து வெளியே வந்துவிடும். மலை மேல் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். சிம்லா போன்ற உயரமான ஊரில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. மலைப் பாதையில் போகும் வேனுக்கு நல்ல மூடி எவ்வளவு தேவை என்று இதிலிருந்தே தெரியும்.

மூடியின் மேல் ஓர் எண் இருக்கும். 0.9 என்றோ 1.1 என்றோ போட்டிருக்கும். அது அழுத்தத்தின் அளவு. புது மூடி வாங்கும்போது பழைய மூடியில் உள்ள எண்ணைப் படியுங்கள். அதே எண் உள்ள மூடியைக் கேட்டு வாங்குங்கள். "எல்லாம் ஒண்ணுதான் சார், போடுங்க" என்று கடைக்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மொகிலி மலையில் நின்ற வேன்

கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. தங்கச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அதன் பிறகு பலர் வேறு வேலைக்குப் போனார்கள். சிலர் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அப்படி ஒருவர் கடன் வாங்கிப் பழைய வேன் ஒன்றை வாங்கினார். அந்த வேனில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருந்தது. ரேடியேட்டர் முன்பக்கம் இருந்தது.

மே மாதம். ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திருப்பதி போனார். போகும்போதே இரண்டு தரம் தண்ணீர் ஊற்றினார். திரும்பும்போது சித்தூர் தாண்டி மொகிலி மலைப் பாதையில் வேன் ஏறியது. வேனில் எட்டுப் பேர். மேலே மூட்டைகள். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. முன் சீட்டு அடுப்பு மாதிரி சுட்டது. ஹீட் மீட்டர் முள் "எச்" என்ற எழுத்தின் பக்கம் நகர்ந்தது.

அவர் உடனே ஏ.சி.யை நிறுத்தினார். ஓரமாக இடம் பார்த்து வேனை நிறுத்தினார். சக்கரத்துக்குக் கல் வைத்தார். முன்பக்கம் ஆவி வந்தது. எஞ்சினை அணைத்தார். வண்டியிலிருந்து ஒரு பையன் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தான்.

"அண்ணா, மூடியைத் திறங்க. தண்ணி ஊத்திடலாம்."

"வேணாம்பா. கிட்ட வராதே. பிள்ளைங்களை அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போ."

"எவ்வளவு நேரம்ணா நிக்கறது?"

"அரை மணி ஆகட்டும். அதுக்கு மேலேயும் ஆகும்."

அவர் செய்தது சரி. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று போய்விடும். உள்ளே 100 டிகிரிக்கு மேல் இருக்கும் தண்ணீர் அந்த நொடியே ஆவியாகும். முகத்தில் பீய்ச்சி அடிக்கும். இப்படி முகமும் கையும் வெந்துபோனவர்கள் உண்டு. கண் போனவர்களும் உண்டு.

ஆறிவிட்டதா என்று எப்படித் தெரியும்? முதலில் மேல் ஹோஸின் பக்கத்தில் கையைக் கொண்டு போங்கள். அனல் அடித்தால் தொடாதீர்கள். அனல் இல்லையென்றால் தடித்த துணியை வைத்து ஹோஸை அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. காத்திருங்கள். மெத்தென்று இருந்தால் மூடியின் மேல் தடித்த துணியைப் போடுங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு முதல் தடுப்பு வரை மட்டும் திருப்புங்கள். உஸ் சத்தம் முழுக்க அடங்கட்டும். பிறகு மூடியை எடுங்கள். காய்ந்து சூடாக இருக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடும். எஞ்சின் ஆறின பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும். எஞ்சினின் மேல் தண்ணீரைக் கொட்டவே கூடாது.

தவறிச் சுடுநீர் பட்டுவிட்டால் மோதிரம், வளையல், கடிகாரம் எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். பட்ட இடத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். பேஸ்ட், மை, எண்ணெய், மாவு எதையும் தடவாதீர்கள். முகத்திலோ கண்ணிலோ பட்டிருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மெக்கானிக் கேட்ட கேள்விகள்

வேன் ஆறியது. தண்ணீர் ஊற்றினார்கள். பாதிப் பேர் அந்த வழியாக வந்த பஸ்ஸில் ஏறினார்கள். வேன் மெதுவாகப் பலமனேர் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு வயதான மெக்கானிக். அவர் ஸ்பேனரைக் கையில் எடுக்கவில்லை. முதலில் கேள்வி கேட்டார்.

"டவுன்ல நின்னு நின்னு போகும்போது சூடாகுதா? இல்ல மேடு ஏறும்போது சூடாகுதா?"

"மேடு ஏறும்போதுதான் பெரியவரே. சும்மா நிக்கும்போது ஒண்ணும் இல்லை."

நல்ல மெக்கானிக்குக்கு இந்த ஒரு கேள்வியிலேயே பாதி தெரிந்துவிடும். எப்படி என்று பார்ப்போம்.

வேன் நிற்கும்போது எதிர்க்காற்று கிடையாது. ஃபேன் மட்டும்தான் காற்றைத் தரும். நெரிசலில் நிற்கும்போது சூடாகி, ரோட்டில் ஓடும்போது சூடு இறங்கினால் ஃபேனைச் சந்தேகப்பட வேண்டும். மின்சார ஃபேன் உள்ள வண்டியில் ஃபியூஸ் போயிருக்கலாம். ரிலே போயிருக்கலாம். தண்ணீர் சூடானதும் ஃபேனை ஓட வைக்கும் சுவிட்ச் கெட்டிருக்கலாம். ஃபேன் மோட்டாரே எரிந்திருக்கலாம். ஏ.சி. உள்ள வேனில் ஏ.சி.யைப் போட்டதும் ஃபேன் ஓட வேண்டும். அப்போது ஓடி, மற்ற நேரத்தில் சூடான பிறகும் ஓடாவிட்டால் மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. சுவிட்சையும் வயரையும் பார்க்க வேண்டும். மின்சார ஃபேன் எஞ்சின் நின்ற பிறகும் திடீரென்று சுற்றக்கூடும். அதன் பக்கத்தில் கை வைக்காதீர்கள்.

மேடு ஏறும்போது விஷயம் வேறு. எஞ்சின் நிறையச் சூட்டைத் தருகிறது. அவ்வளவையும் ரேடியேட்டர் வெளியே தள்ள வேண்டும். அதனால் முடியாவிட்டால் முள் ஏறும். ரேடியேட்டருக்கு முன்னால் சேறும் பூச்சியும் அடைத்திருக்கலாம். உள்ளே குழாய்கள் அடைத்திருக்கலாம். வாட்டர் பம்பின் இறக்கைகள் தேய்ந்திருக்கலாம். கீழ் ஹோஸ் பழையதாகி மெத்தென்று போயிருக்கலாம். எஞ்சின் வேகமாக ஓடும்போது பம்ப் உறிஞ்சும். அப்போது அந்த ஹோஸ் சப்பிப் போய் வழியை மூடிவிடும். எஞ்சினை நிறுத்தினால் ஹோஸ் பழையபடி உருண்டு நிற்கும். இது ஏமாற்றுகிற கோளாறு. நிறுத்திப் பார்க்கிறவருக்குத் தெரியாது.

பெல்ட்டையும் பார்க்க வேண்டும். பல வேன்களில் ஒரே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் பேட்டரிக்குச் சார்ஜ் தரும் ஆல்டர்னேட்டரையும் சுற்றுகிறது. பேட்டரி விளக்கு எரிந்து, கூடவே முள்ளும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கும். அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டாதீர்கள்.

மெக்கானிக் அடுத்த கேள்வி கேட்டார்.

"எத்தனை நாளைக்கு ஒரு தரம் தண்ணி ஊத்தறே?"

"ரெண்டு நாளைக்கு ஒரு தரம். ஆறு மாசமா இப்படித்தான்."

"என்ன தண்ணி?"

"போர் தண்ணிதான் பெரியவரே. வேறென்ன?"

மெக்கானிக் தலையை ஆட்டினார். எஞ்சினை ஓட விட்டார். சூடானதும் ஃபேன் சுற்றியது. எஞ்சினை அணைத்தார். ரேடியேட்டரின் முன்பக்கம் கையைக் கிட்டத்தில் காட்டினார். மேலே அனல் அடித்தது. கீழே பெரும்பகுதி குளிர்ந்து கிடந்தது. தண்ணீர் எல்லாக் குழாய்களிலும் ஓடினால் சூடு மேலிருந்து கீழே ஒரே சீராகக் குறைந்துகொண்டு வரும். இப்படித் திட்டுத் திட்டாகக் குளிர்ந்து கிடக்காது. குழாய்கள் அடைத்துவிட்டன.

அடைத்தது எது? வெந்நீர் அண்டாவின் அடியைப் பாருங்கள். வெள்ளையாக ஒரு படிவு ஒட்டியிருக்கும். ஆழமான போர் தண்ணீரில் உப்புகள் அதிகம். சூடாக்கினால் அவை படியும். கோலார்ப் பக்கம் போர்கள் மிக ஆழம். தண்ணீரும் கடினத் தண்ணீர். ஆறு மாதம் ஊற்றிய தண்ணீர் ஒவ்வொரு தரமும் கொஞ்சம் படிவை விட்டுப் போனது. மெல்லிய குழாய்கள் அடைபட்டன.

ஆனால் தண்ணீர் ஏன் குறைந்தது? அதுதான் முதல் கோளாறு. மெக்கானிக் வேனுக்கு அடியில் படுத்துப் பார்த்தார். நடுவில் எஞ்சின் உள்ள வேனில் தண்ணீர்க் குழாய்கள் அடிவழியாக முன்பக்கம் போகும். ஒரு ஹோஸின் கிளிப்பு தளர்ந்திருந்தது. அங்கே ஈரம் இல்லை. வெள்ளைக் கறை மட்டும் இருந்தது. சூடாக இருக்கும்போது சொட்டும் தண்ணீர் அங்கேயே காய்ந்துவிடும். அதனால் வீட்டு வாசலில் ஒரு சொட்டும் விழவில்லை. ஓட்டுநர் ஆறு மாதமாகத் தரையைத்தான் பார்த்தார். கிளிப்பைப் பார்க்கவில்லை.

கிளிப்பின் விலை சில பத்து ரூபாய். ரேடியேட்டரின் விலை ஆயிரக்கணக்கில். மெக்கானிக் கிளிப்பை மாற்றினார். சுத்தமான தண்ணீர் ஊற்றினார். "வெயில் தாழட்டும். அப்புறம் ஏ.சி. போடாம மெதுவா போ. ஊருக்குப் போனதும் ரேடியேட்டரைக் கழட்டு" என்றார். பாதி வாடகை பஸ்ஸில் போனவர்களுக்குத் திருப்பித் தரப்பட்டது. அந்த மாதக் கடன் தவணை பத்து நாள் தள்ளிப் போனது. ஆனால் எஞ்சின் தப்பியது.

நிறுத்தாமல் ஓட்டியிருந்தால்?

எஞ்சினின் மேல் பகுதியை ஹெட் என்கிறார்கள். பெரும்பாலும் அது அலுமினியம். அதிகச் சூட்டில் அது வளையும். ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் ஒரு தகடு இருக்கிறது. அதுதான் ஹெட் கேஸ்கட். ஹெட் வளைந்தால் கேஸ்கட் விட்டுப்போகும். பிறகு எரியும் வாயு தண்ணீரில் கலக்கும். தண்ணீர் ஆயிலில் கலக்கும்.

அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். வெளியே எங்கும் ஒழுக்கு இல்லை, ஆனாலும் தண்ணீர் குறைகிறது. சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டரில் நிற்காமல் குமிழி வருகிறது. ஆயில் அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தால் ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஹெட்டைச் சோதிக்க வேண்டும். ஆயில் நிறம் மாறியிருந்தால் வேனை ஓட்டாதீர்கள். கட்டி இழுத்துத்தான் போக வேண்டும். ஹெட்டைக் கழற்றி, லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் செய்து, புது கேஸ்கட் போட்டு, புது ஆயில் ஊற்ற வேண்டும். பல ஆயிரம் ரூபாய் செலவு. பல நாள் வண்டி நிற்கும். "இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டுகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் இந்தச் செலவு வருகிறது.

ஹீட் மீட்டரை மட்டும் நம்பவும் கூடாது. அதன் சென்சார் தண்ணீரில் முழுகியிருக்க வேண்டும். தண்ணீர் முழுக்க ஒழுகிவிட்டால் சென்சார் காற்றில் நிற்கும். எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும். முள்ளோ கீழே இறங்கி நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். ஏறிய முள் காரணம் இல்லாமல் சட்டென்று விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள். நிறுத்திப் பாருங்கள்.

வால்வைக் கழற்றிப் போடலாமா?

சில வேன்கள் ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே சூடாகும். தண்ணீர் சரியாக இருக்கும். எஞ்சின் கொதிக்கும், ஆனால் ரேடியேட்டர் குளிர்ந்து கிடக்கும். இது தெர்மோஸ்டாட் வால்வின் கோளாறு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இந்த வால்வு மூடியிருக்கும். தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டிய பிறகு திறக்கும். மூடியபடியே சிக்கிக்கொண்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாது.

நம் நாட்டில் பல மெக்கானிக்குகள் இந்த வால்வைக் கழற்றி வீசிவிடுகிறார்கள். "நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்கு இது?" என்பார்கள். வழியில் நின்ற வண்டியை வீடு சேர்க்க அப்படிச் செய்யலாம். அப்படியே விட்டுவிடுவது தவறு. வால்வு இல்லாத எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வர வெகு நேரம் ஆகும். அதுவரை பெட்ரோல் அதிகம் குடிக்கும். உள்ளே தேய்மானமும் அதிகம். புது வால்வு போடச் சொல்லுங்கள். பழைய வால்வு கெட்டதுதானா என்று தெரிய வேண்டுமா? கழற்றிய வால்வைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வையுங்கள். திறக்காவிட்டால் கெட்டது. சமையல் பாத்திரத்தில் இதைச் செய்ய வேண்டாம்.

டப்பாவைப் படியுங்கள்

கனரக வண்டி, வாடகை வண்டி ஓட்ட லைசென்ஸ் வாங்க எட்டாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. 2019-இல் மத்திய அரசு அந்த விதியை எடுத்துவிட்டது. படிக்காதவரும் ஓட்டலாம். ஆனால் கூலன்ட் டப்பா, படிக்கத் தெரிந்தவருக்குத்தான் உதவும்.

கூலன்ட் என்பது தண்ணீரோடு கலக்கும் மருந்து. அது துருவைத் தடுக்கும். கொதிநிலையைக் கொஞ்சம் உயர்த்தும். கடையில் இரண்டு வகை உண்டு. ஒன்று அப்படியே ஊற்றுவது. அதில் தண்ணீர் கலக்கக் கூடாது. இன்னொன்று கெட்டியானது. அதில் சொன்ன அளவு தண்ணீர் கலக்க வேண்டும். பெரும்பாலும் பாதிக்குப் பாதி. டப்பா இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். எழுத்தில்தான் வித்தியாசம். கலக்கும் தண்ணீர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டராக இருக்கட்டும். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறம் பார்த்து ஊற்றாதீர்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வேனோடு வந்த புத்தகத்தில் எந்த வகை என்று போட்டிருக்கும். வேறு வேறு வகையைக் கலந்தால் சில நேரம் கூழ் மாதிரி ஆகிவிடும்.

கூலன்ட் விஷம். குடித்தால் சிறுநீரகம் கெட்டு உயிர் போகும். ஆனால் அதன் சுவை இனிப்பு. குழந்தைகளும் நாய்களும் நக்கிவிடும். மீதமான கூலன்ட்டைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. பலர் இதைத்தான் செய்கிறார்கள். கீழே சிந்தினால் மண் போட்டு அள்ளுங்கள். யாராவது குடித்துவிட்டால், நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டர் அதைப் படிக்க வேண்டும்.

பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றும்போது உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். எஞ்சின் நடுவில் உள்ள வேன்களில் குழாய் நீளம். அதனால் இந்தத் தொல்லை அதிகம். மெக்கானிக்குகள் ஏர் லாக் என்பார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஊற்றத் தொடங்க வேண்டும். மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை மெதுவாக ஓட விட வேண்டும். குமிழி வர வர மட்டம் இறங்கும். இறங்க இறங்க ஊற்ற வேண்டும். குமிழி நின்றதும் மூட வேண்டும். மறுநாள் காலை வண்டி எடுக்கும் முன் ஒரு தரம் மட்டம் பாருங்கள்.

பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு கோடுகள் இருக்கும். தண்ணீர் அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். டப்பா நிறைந்திருந்து ரேடியேட்டரில் மட்டும் குறைந்தால், மூடியோ நடுவில் உள்ள சிறு குழாயோ கெட்டிருக்கிறது. எஞ்சின் ஆறும்போது டப்பாவில் உள்ள தண்ணீரை ரேடியேட்டர் திரும்ப உறிஞ்ச வேண்டும். அது நடக்கவில்லை.

கூலன்ட்டை எப்போது மாற்றுவது என்பதும் வேன் புத்தகத்தில் இருக்கும். மாற்றிய அன்று ஒரு தாளில் தேதி, கிலோமீட்டர், கூலன்ட் வகை மூன்றையும் எழுதி ஓட்டுநர் பக்கத்துக் கதவின் உள்ளே ஒட்டுங்கள். நடுவில் தண்ணீர் ஊற்ற நேர்ந்தால் அந்தத் தேதியையும் அதன் கீழே எழுதுங்கள். தேதிகள் நெருங்கி நெருங்கி வந்தால் எங்கோ ஒரு கிளிப்பு தளர்ந்திருக்கிறது.